அப்பாவின் 1961 மோரிஸ் மைனர்: சாதாரண பாலிசியா, கிளாசிக் கார் பாலிசியா?

அப்பாவின்சாவி எழுதியது:

வணக்கம். நான்கு வருடமாக இங்கே வாசித்துக்கொண்டு மட்டும்தான் இருந்தேன், எழுதுவது இதுவே முதல் தடவை. அப்பா போன வருடம் தவறிவிட்டார். முப்பத்தெட்டு வருடம் அவர் கையில் இருந்த மோரிஸ் மைனர் 1000, 1961 மாடல், நான்கு கதவு, இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. இரண்டு பேர் விலைக்குக் கேட்டார்கள், கொடுக்க மனம் வரவில்லை.

இன்சூரன்ஸ் புதுப்பிக்க இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. எந்தக் காலத்திலோ எடுத்த சாதாரண கார் பாலிசியை அப்பா அப்படியே வருடா வருடம் நீட்டித்து வந்திருக்கிறார். வந்திருக்கும் கடிதத்தில் வண்டியின் மதிப்பு என்று ஒரு தொகை போட்டிருக்கிறார்கள். அதை வைத்து நான்கு கதவுக்கு டிங்கரிங், பெயின்டிங் கூடச் செய்ய முடியாது. போன் செய்து கேட்டால் "பழைய வண்டிதானே சார், சிஸ்டம் இதுக்கு மேல ஏத்துக்காது" என்றார்கள்.

அதனால் கிளாசிக் கார்களுக்கென்றே பாலிசி போடும் இரண்டு இடங்களில் கேட்டேன். ஒன்று இப்போது கட்டுவதைவிடக் குறைவு. இன்னொன்று அந்த மலிவானதைவிட நாற்பது சதவீதம் அதிகம். இரண்டு விளம்பரத் தாளும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன, எதற்காக அந்த நாற்பது சதவீதம் என்று புரியவில்லை. வண்டி ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓடும், வருடத்தில் ஒன்றிரண்டு நீண்ட பயணம், இரவில் வீட்டுக் கொட்டகையில் நிற்கும். மலிவானதை எடுத்துவிடலாமா? எதைப் பார்த்து முடிவு செய்வது?

பழையபித்தளை எழுதியது:

தம்பி, அப்பாவுக்கு என் அஞ்சலி. வண்டியைக் கொடுக்காமல் வைத்துக்கொண்டீர்களே, அதற்கு ஒரு கும்பிடு.

பிரீமியத்தைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். முதலில் கேட்க வேண்டியது, நாளைக்கே வண்டி முழுசாக எரிந்துபோனால் அதன் மதிப்பை யார், எப்போது முடிவு செய்வது என்பதுதான். பல நாடுகளின் சாதாரண பாலிசிகளில் அது விபத்துக்குப் பிறகு முடிவாகும். சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் ஒருவர் வருவார், அதே மாடல், அதே வயது வண்டி சந்தையில் என்ன விலைக்குப் போகிறது என்று தேடுவார். ஐந்து வருடப் பழைய வண்டிக்கு இது சரி, தினமும் நூற்றுக்கணக்கில் கைமாறுகிறது, விலை ஊருக்கே தெரியும். 1961 மைனருக்கு எங்கே போய்த் தேடுவது? கொட்டகையில் கோழி அடைந்து கிடந்த மைனரும் ஒன்று விடாமல் கழற்றிச் சீராக்கிப் பூட்டிய மைனரும் பேப்பரில் ஒரே பெயர், ஒரே வருடம்தான். இரண்டுக்கும் விலை வித்தியாசம் நான்கைந்து மடங்கு இருக்கும். உங்களுடையது இரண்டாவது வகை என்று நிரூபிக்க வேண்டிய அன்றைக்கு, காட்டுவதற்கு வண்டியே இருக்காது.

அதனால்தான் அக்ரீட் வேல்யூ. பாலிசி தொடங்கும்போதே போட்டோ, பில், மதிப்பீட்டுக் கடிதம் எல்லாம் கொடுத்து, இந்த வண்டியின் மதிப்பு இவ்வளவு என்று இரு தரப்பும் எழுத்தில் ஒப்புக்கொள்வது. முழு இழப்பு ஆனாலோ திருடு போய்த் திரும்பக் கிடைக்காவிட்டாலோ அந்தத் தொகையைத் தர வேண்டும், நாம் கட்ட வேண்டிய பங்கை மட்டும் கழித்துக்கொண்டு. அந்த நேரத்தில் பேரம் கிடையாது. பேரத்தை வண்டி நல்லபடியாக நிற்கும்போதே முடித்துவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

நீங்கள் கேட்ட இரண்டு இடத்திலும் விளம்பரத் தாளை விட்டுவிட்டு பாலிசியின் முழு வாசகத்தை வாங்குங்கள். மலிவானதில் அக்ரீட் வேல்யூ தானாகவே வருகிறதா, தனியாகக் கேட்டு வாங்க வேண்டுமா என்று பாருங்கள். பல இடங்களில் "கிளாசிக் பாலிசி" என்று பெயர் இருக்கும், ஆனால் மதிப்பீட்டுப் படிவத்தை நிரப்பி, போட்டோ அனுப்பி, அவர்கள் சான்றிதழ் தரும் வரைக்கும் உள்ளே இருப்பது பழைய சந்தை மதிப்புதான். படிவத்தை அனுப்பவே மறந்துவிட்டு மூன்று வருடம் பிரீமியம் கட்டியவரை எனக்குத் தெரியும்.

டீசல்240 எழுதியது:

பித்தளை அண்ணன் சொல்வது சரி, ஆனால் கிளாசிக் பாலிசி எல்லோருக்கும் பொருந்தாது, அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். என்னுடையது 1982 பென்ஸ் 240டி. நான் தினமும் வேலைக்கு ஓட்டுகிறேன். கிளாசிக் பாலிசி மலிவாக இருப்பதற்குக் காரணம் அந்த வண்டிகள் குறைவாக ஓடுகின்றன, பார்த்துப் பார்த்து ஓட்டுகிறார்கள் என்ற கணக்கு. அந்தக் கணக்கை நிபந்தனையாகவே எழுதி வைத்திருப்பார்கள். வருடத்துக்கு இவ்வளவு தூரம்தான், வீட்டில் தினசரிக்கு வேறு வண்டி இருக்க வேண்டும், இரவில் கூரைக்குள் நிற்க வேண்டும், ஓட்டுபவருக்கு 25 வயது தாண்டியிருக்க வேண்டும், இப்படி. பிரிட்டிஷ் பாலிசிகளில் 1500, 3000, 5000 மைல் என்று படிப்படியாக வைத்திருப்பதைப் பார்க்கலாம்.

இதில் ஆள் மாட்டிக்கொள்வது "சொந்தப் பயன்பாடு" என்ற இடத்தில்தான். என் நண்பர் ஒருவர், மழை பெய்ததால் மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டு ஒரே ஒரு நாள் பழைய காரில் ஆபீஸ் போனார். பின்னால் ஒருவன் இடித்துவிட்டான். தப்பு முழுக்க இடித்தவன் மேல் என்பதால் தப்பித்தார், இல்லையென்றால் அவருடைய பாலிசியில் வேலைக்குப் போய்வருவது சேர்க்கப்படவில்லை, சொந்தச் சேதத்துக்கு ஒரு பைசா வந்திருக்காது. சில நிறுவனங்கள் கொஞ்சம் கூடுதலாக வாங்கிக்கொண்டு வேலைக்குப் போவதையும் சேர்த்துத் தருகின்றன, கேட்டால்தான் தருவார்கள்.

தினமும் ஓட்டுகிறவர்கள் அக்ரீட் வேல்யூ தரக்கூடிய, சொந்தச் சேதத்தையும் சேர்த்த சாதாரண விரிவான பாலிசி கிடைக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஞாயிறு மட்டும் ஓட்டும் தம்பிக்கு கிளாசிக் பாலிசிதான் பொருத்தம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

சிவப்புஎம்ஜிபி எழுதியது:

எல்லோரும் வண்டி முழுசாகப் போவதையே பேசுகிறீர்கள். முழுசாகப் போவது அபூர்வம். பாதி போவதுதான் அடிக்கடி நடக்கும், அங்கேதான் நான் அடி வாங்கினேன்.

என்னுடையது 1967 எம்ஜிபி ரோட்ஸ்டர். நிறுத்தி வைத்திருந்தபோது ஒரு பெரிய மரக்கிளை விழுந்தது. பானெட், முன் கண்ணாடிச் சட்டம், ஒரு பக்க விங், அதாவது முன் சக்கரத்துக்கு மேலே இருக்கும் தகடு, எல்லாம் நசுங்கின. என்னிடம் அக்ரீட் வேல்யூ இருந்தது, நிம்மதியாகத்தான் இருந்தேன். அந்த மதிப்பு முழு இழப்புக்கு மட்டும்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. பழுது பார்க்கும்போது பாலிசியில் வேறு பக்கத்தைப் புரட்ட வேண்டும், அந்தப் பக்கத்தை நான் வாசித்ததே இல்லை.

அவர்கள் பட்டியலில் இருக்கும் ஒர்க்‌ஷாப்புக்குத்தான் வண்டி போக வேண்டும் என்றார்கள். அந்த ஒர்க்‌ஷாப் நல்லதுதான், ஆனால் அங்கே இருந்தவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் வைத்துப் புது வண்டி பார்ப்பவர்கள். ஆரம்ப கால எம்ஜிபியில் பானெட் அலுமினியம், 1970 வாக்கில் இரும்புக்கு மாற்றினார்கள். இவர்கள் எஸ்டிமேட்டில் இரும்பு பானெட் விலையைப் போட்டுவிட்டார்கள். பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான், எனக்கு ஒன்றில்லை, அந்த வண்டியை அடுத்து வாங்குபவருக்கும் ஒன்றில்லை. அலுமினியம்தான் வேண்டும் என்று கடிதம் மேல் கடிதம் எழுதி ஐந்து மாதம் போனது. கடைசியில் கொடுத்தார்கள். ஆனால் பழைய பாகத்துக்குப் பதில் புதுப் பாகம் போட்டதால் வண்டியின் நிலை மேம்பட்டுவிட்டது என்று சொல்லி ஒரு தொகையைக் கழித்துக்கொண்டார்கள். அதுவும் வாசகத்தில் இருந்தது.

அதனால் தம்பி, அந்த நாற்பது சதவீதம் எங்கே போகிறது என்று தேடும்போது இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். ஒர்க்‌ஷாப்பை நீங்களே தேர்ந்தெடுக்கலாமா, அங்கே கேட்கும் கூலியை முழுசாகத் தருவார்களா, பாகங்களுக்குத் தேய்மானம் கழிப்பார்களா, மூல வடிவத்தில் இருந்த பாகமே போட வேண்டும் என்று எழுதியிருக்கிறதா. பழைய வண்டியில் பாகத்தின் விலையைவிடத் தகரம் தட்டும் ஆளின் மணிக்கூலிதான் பெரிய செலவு. அதற்கு அவர்கள் ஒரு வரம்பு வைத்திருந்தால் மீதி உங்கள் கையிலிருந்து போகும்.

அப்பாவின்சாவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. எம்ஜிபி அக்கா சொன்ன பக்கத்தை மலிவான பாலிசியில் தேடிப் பார்த்தேன், "நாங்கள் அங்கீகரித்த பழுதுபார்ப்பகம்" என்று மூன்று இடத்தில் வருகிறது. மைனருக்குப் பாகங்கள் இன்னும் புதிதாகவே கிடைக்கின்றன என்பது ஒரு ஆறுதல்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறைக்க விரும்பவில்லை. வண்டியின் பதிவு இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு அப்பா இறந்ததையும் சொல்லவில்லை. சொன்னால் பாலிசி போய்விடுமோ என்ற பயம். போன மாதம் கூட இரண்டு ஞாயிறு ஓட்டினேன்.

ஓய்வுபெற்றசர்வேயர் எழுதியது:

தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் பேப்பர் சரியாகும் வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். இருபத்தாறு வருடம் இந்த வேலை பார்த்தவன் சொல்கிறேன்.

காப்பீடு என்பது இரண்டு பேருக்கு இடையே ஒப்பந்தம். அதில் ஒருவர் உங்கள் அப்பா, அவர் இல்லை. உங்களுக்கு அந்த வண்டியில் சட்டப்படி உரிமை இருக்கிறது என்று காட்டினால்தான் உங்கள் பெயரில் காப்பீடு செல்லும். சில நாடுகளில் கொஞ்சம் அவகாசம் உண்டு. இந்திய மோட்டார் பாலிசியின் பொது வாசகத்தில், காப்பீடு செய்தவர் இறந்தால் அன்றிலிருந்து மூன்று மாதம் அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும் என்று இருக்கிறது. வாரிசு அதற்குள் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களில் வேறு மாதிரி இருக்கும். எங்கே இருந்தாலும், போன வருடம் நடந்ததை இன்றைக்கு வரை சொல்லாமல் ஓட்டுவது ஆபத்து. ரோட்டில் யார் மேலாவது பட்டுவிட்டால் மைனரின் மதிப்பெல்லாம் ஒரு பேச்சே இல்லை, அந்த இழப்பீடு உங்கள் தலையில் வரும். நாளைக்கே கூப்பிட்டுச் சொல்லுங்கள், வாரிசுச் சான்றைக் கொடுங்கள், முதலில் பதிவைப் பெயர் மாற்றுங்கள், புதுப் பாலிசி அதற்குப் பிறகு. அதுவரை வண்டி கொட்டகையில் நிற்கட்டும். ஓட்டாமல் நிறுத்தியிருக்கும் காலத்துக்குத் தீ, திருட்டு மட்டும் அடங்கிய பாலிசி உண்டு, அதைக் கேட்டுப் பாருங்கள்.

இனி மதிப்பு விஷயம். மூன்று விதமான வாசகம் இருக்கிறது, மூன்றும் காதுக்கு ஒன்று போலவே கேட்கும். பித்தளை சார் சொன்ன அக்ரீட் வேல்யூ ஒன்று. நஷ்டம் நடந்த நாளின் சந்தை மதிப்பு ஒன்று. மூன்றாவது அமெரிக்கப் பாலிசிகளில் "ஸ்டேட்டட் வேல்யூ" என்று வரும், நாம் ஒரு தொகையைச் சொல்கிறோம், அவர்கள் எழுதிக்கொள்கிறார்கள், அதற்கேற்ப பிரீமியமும் கட்டுகிறோம், ஆனால் கிளெய்மில் அந்தத் தொகை அல்லது அன்றைய உண்மை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதுதான் கிடைக்கும். தொகை எழுதியிருக்கிறதே என்று நம்பி ஏமாறுவது இதில்தான். "அதிகபட்சம்", "வரை", "எது குறைவோ அது", இந்த மூன்று சொற்களைத் தேடுங்கள். தொகைக்குப் பக்கத்தில் இவற்றில் ஒன்று இருந்தாலும் அது ஒப்புக்கொண்ட மதிப்பு இல்லை.

தேய்மானம் பற்றி எம்ஜிபி மேடம் சொன்னது மிக முக்கியம். இந்தியாவின் அதே பொது வாசகத்தில் பத்து வருடம் தாண்டிய வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 50 சதவீதம் கழிப்பார்கள், ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கும் 50. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பு என்று கணக்கு. இப்போது உங்கள் கடிதத்தில் இருக்கும் சின்ன மதிப்பை நினைத்துப் பாருங்கள். மதிப்பு குறைவாக இருந்தால், முன் பக்கம் கொஞ்சம் பலமாக நசுங்கினாலே வண்டி காகிதத்தில் செத்துவிடும். பழுது பார்க்கக்கூடிய வண்டியைப் பறிகொடுத்தவர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன், அதில் சில வண்டிகளுக்கு நானே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விதி அப்படி இருந்தது, வேறு வழி இல்லை. இன்றைக்கும் அந்த முகங்கள் ஞாபகம் வரும்.

அதோடு சேர்ந்தது, முழு இழப்பு ஆனால் உடைந்த வண்டி யாருக்கு? வழக்கமாகப் பணம் கொடுத்தவர்களுக்குத்தான். நல்ல கிளாசிக் பாலிசியில், குறிப்பிட்ட வயது தாண்டிய வண்டி என்றால் பணத்தையும் வாங்கிக்கொண்டு வண்டியையும் உரிமையாளர் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கும், சில இடங்களில் ஒரு சிறு சதவீதம் கழிப்பார்கள். பிரிட்டனில் 2017 அக்டோபரிலிருந்து இழப்பு வண்டிகளை ஏ, பி, எஸ், என் என்று நான்காகப் பிரிக்கிறார்கள். ஏ, பி இரண்டிலும் அந்தக் கூடு திரும்ப ரோட்டுக்கு வரவே முடியாது. எஸ், என் என்றால் சரிசெய்து ஓட்டலாம். வண்டியை வைத்துக்கொள்ளும் உரிமை கையில் இருந்தாலும் எந்தப் பிரிவில் போடுகிறார்கள் என்பதை விட்டுவிடாமல் கேட்க வேண்டும்.

தகரவேலை எழுதியது:

சர்வேயர் சார் சொன்னதை எல்லாம் அப்படியே ஆமோதிக்கிறேன். நான் பழைய வண்டிகளுக்குப் பாடி வேலை செய்கிறவன், என் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

மைனரில் ஏ சீரிஸ் இன்ஜின். கார்புரேட்டரும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், கார்புரேட்டர் மேலே, புகை வெளியேறும் சூடான மேனிஃபோல்டு கீழே. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரத்தை நிறுத்தும் மிதவை ஊசி ஒட்டிக்கொண்டு பெட்ரோல் வழிந்தால் எங்கே விழும் என்று நீங்களே பாருங்கள். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலப்பது பல நாடுகளில் வந்துவிட்டது, பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோலிலேயே 10 சதவீதம் வரை. பழைய ரப்பர் ஹோஸ் அதற்குத் தாங்காது, வெடிப்பு விடும். வண்டி எரிந்த பிறகு "பராமரிப்புக் குறைவு, தேய்மானம்" என்று பாலிசியின் விலக்குப் பட்டியலைக் காட்டினால் என்ன பதில் சொல்வீர்கள்? எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். ஃபைல் போடுவது அதற்காகத்தான். துரு, எலி கடித்த ஒயர், நாள்பட்ட கசிவு இவையும் பெரும்பாலும் விலக்குப் பட்டியலில் இருக்கும்.

அடுத்து, வண்டியை என்னைப் போன்றவர்களிடம் விடும் காலம். ஆறு மாதம், ஒரு வருடம் ஆகும். பானெட் ஒரு மூலையில், இன்ஜின் ஸ்டாண்டில், சீட் வேறொருவர் வீட்டில். பாலிசியில் "இரவில் உரிமையாளரின் கொட்டகையில்" என்று இருந்தால் இதில் எதற்குமே காப்பு இல்லை. வேலை முடிய முடிய மதிப்பும் ஏறும், தொடங்கும்போது போட்ட தொகை பாதியிலேயே பழசாகிவிடும், அவ்வப்போது உயர்த்திக்கொள்ள அனுமதிக்கிறார்களா என்று கேளுங்கள். வீட்டில் சேர்த்து வைத்த உதிரி பாகங்களுக்குத் தனி வரம்பு உண்டு. அப்பா முப்பத்தெட்டு வருடம் வைத்திருந்தார் என்றால் கொட்டகையில் ஒரு கியர்பாக்ஸாவது கிடக்கும், அதையும் எழுதிக் கொடுங்கள்.

வண்டுக்காரன் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் 6 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றியிருக்கிறேன், முன்னால் டிஸ்க் பிரேக். பாதுகாப்புக்குத்தானே செய்தோம், இதையெல்லாம் சொல்ல வேண்டுமா? வருடம் ஒரு ராலிக்கும் போவேன்.

ஓய்வுபெற்றசர்வேயர் எழுதியது:

எல்லாவற்றையும் சொல்லுங்கள். பிரேக்கை நல்லதாக மாற்றினாலும் மாற்றம் மாற்றம்தான். கிளாசிக் நிறுவனங்கள் அந்தக் காலத்திலேயே வழக்கத்தில் இருந்த மாற்றங்களுக்கு எதுவும் சொல்ல மாட்டார்கள், சொல்லாமல் விட்டதற்குத்தான் கிளெய்மை மறுப்பார்கள். ராலி என்றால் ஊர்வலமாகப் போய் நிறுத்திக் காட்டுவதா, நேரம் வைத்து ஓட்டுவதா என்று பார்க்க வேண்டும். வேகப் போட்டியும் பந்தயத் தடமும் பொதுவாக விலக்கு. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடுவதும் அப்படியே, நண்பர் பெட்ரோலுக்கென்று கொடுக்கும் பணம்கூடச் சிக்கலாகலாம்.

டீசல்240 எழுதியது:

மதிப்பு எவ்வளவு போடுவது என்று யாரும் சொல்லவில்லையே. எல்லோரும் முடிந்தவரை அதிகமாகப் போடு என்கிற மாதிரி இருக்கிறது. அது தப்பு.

பழையபித்தளை எழுதியது:

நான் அப்படிச் சொல்லவில்லை தம்பி. ஆனால் குறைத்துப் போடுவதைவிடக் கொஞ்சம் கூட்டிப் போடுவது நல்லது என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். இந்த வண்டிகளின் விலை வருடா வருடம் ஏறுகிறது, சான்றிதழ் ஒரு தடவை போட்டால் ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் கையில் எடுக்கிறோம்.

டீசல்240 எழுதியது:

எல்லா மாடலும் ஏறுவதில்லை அண்ணா, சில மாடல்கள் இறங்கியும் இருக்கின்றன, அந்த வண்டிகளோடு வளர்ந்த தலைமுறைக்கு வயதாகிக்கொண்டே போகிறது. தொகையைக் கூட்டினால் பிரீமியம் கூடும், மதிப்பீட்டாளர் கடிதம் கேட்பார்கள், பொருந்தாத தொகை என்றால் கிளெய்ம் வரும் நாளில் சந்தேகத்தோடுதான் கோப்பைத் திறப்பார்கள். என் கணக்கு வேறு. இதே நிலையில் இன்னொரு வண்டி வாங்கி, என் வாசலுக்குக் கொண்டுவந்து, இப்போது இருப்பது போல ஆக்க என்ன ஆகும்? அந்தத் தொகை. வாங்கிய விலையும் கிடையாது, நான் செலவழித்த மொத்தமும் கிடையாது. சீராக்கச் செலவழித்ததெல்லாம் மதிப்பாக மாறுவதில்லை, அது கசப்பான உண்மை.

பழையபித்தளை எழுதியது:

இன்னொரு வண்டி வாங்கி இதே நிலைக்குக் கொண்டுவரும் செலவு என்றால் ஒப்புக்கொள்கிறேன். அதை வருடம் ஒரு முறை பாலிசி புதுப்பிக்கும்போது திருத்துங்கள், இரண்டு பேர் கவலையும் தீர்ந்தது. சான்றிதழில் முடிவு தேதி இருக்கும், அது பாலிசி தேதியோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. அந்தத் தேதி தாண்டினால் சத்தமில்லாமல் சந்தை மதிப்புக்குத் திரும்பிவிடும்.

சிவப்புஎம்ஜிபி எழுதியது:

வயது வரம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள், மைனருக்குப் பிரச்சினை இல்லை, ஆனால் இழையைப் பிறகு வாசிப்பவர்களுக்காக. கிளாசிக் என்பதற்கு உலகம் முழுக்க ஒரே அளவு கிடையாது. பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபிவா 30 வருடம் என்கிறது, ஜெர்மனியில் பழைய வண்டிகளுக்கான எச் எழுத்துள்ள நம்பர் பிளேட்டுக்கும் 30. பிரிட்டனில் சாலை வரி விலக்குக்கு 40. இந்தியாவில் 2021 விதிப்படி விண்டேஜ் பதிவுக்கு 50 வருடம் தாண்ட வேண்டும், அப்படிப் பதிந்த காருக்கு அடுத்தவருக்கு ஏற்படும் இழப்புக்கான மூன்றாம் தரப்புப் பிரீமியத்தில் 2022 முதல் 50 சதவீதத் தள்ளுபடி உண்டு, ஆனால் அதைத் தினசரிப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. அரசாங்கத்தின் கணக்கும் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் கணக்கும் வேறு வேறு. ஒன்றில் கிளாசிக் என்பதால் இன்னொன்றிலும் கிளாசிக் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்பாவின்சாவி எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

சர்வேயர் சார் சொன்ன அன்றே வண்டியை நிறுத்திவிட்டேன். மறுநாள் நிறுவனத்தைக் கூப்பிட்டு அப்பா இறந்ததைச் சொன்னேன். பயந்த மாதிரி யாரும் சத்தம் போடவில்லை, ஆனால் அந்தப் பாலிசி எனக்குச் செல்லாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அந்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது, இரண்டாவது ஞாயிறு என் மகளும் பின் சீட்டில் இருந்தாள். பதிவு நேற்று என் பெயருக்கு மாறிவிட்டது.

இரண்டு பாலிசியையும் பேனா வைத்துக்கொண்டு வாசித்தேன். மலிவானதில் மதிப்புக்குப் பக்கத்தில் "எது குறைவோ அது" என்று பதினேழாம் பக்கத்தில் இருந்தது. உடைந்த வண்டி அவர்களுக்கே. ஒர்க்‌ஷாப்பும் அவர்கள் சொல்வதுதான். வீட்டைவிட்டு வெளியே தங்கும் இரவுகளுக்குத் திருட்டுக் காப்பு இல்லை, அதாவது நான் போகும் அந்த இரண்டு நீண்ட பயணமும் வெளியே. விலை அதிகமானதில் ஒப்புக்கொண்ட மதிப்பு, இரண்டு வருடச் சான்றிதழ், ஒர்க்‌ஷாப் நம் விருப்பம், வண்டியை நாமே வைத்துக்கொள்ளும் உரிமை, உதிரி பாகங்களுக்கு ஒரு வரம்பு வரை காப்பு. பூட்டிய இடத்தில் நிறுத்தினால் வெளியூர் இரவுகளுக்கும் உண்டு. கூலிக்கு வரம்பு இருக்கிறதா என்று மின்னஞ்சலில் கேட்டேன், இல்லை என்று எழுத்திலேயே பதில் வந்தது, அதை அச்செடுத்துப் பாலிசியோடு வைத்துவிட்டேன். இரண்டாவதைத்தான் எடுக்கிறேன்.

மதிப்பு போடுவதற்கு டீசல் அண்ணன் சொன்ன கணக்கையே வைத்துக்கொண்டேன். ஆதாரத்துக்கு என்ன செய்வது என்று கவலைப்பட்டுக்கொண்டு டிக்கியைச் சுத்தம் செய்தபோது, ஸ்டெப்னி வீலுக்குப் பின்னால் பிளாஸ்டிக் பையில் சுற்றிய நான்கு நோட்டு கிடைத்தது. ஒவ்வொரு ஆயில் மாற்றமும், கிங்பின் மாற்றிய தேதியும், கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதியில் துரு வெட்டிப் புதுத் தகரம் வைத்ததும், மீட்டர் அளவோடு அப்பா கையெழுத்தில் இருக்கிறது. பில்களை நோட்டுக்குள்ளேயே ஊசி குத்தி வைத்திருக்கிறார். மதிப்பீட்டாளர் அதைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டார்.

தகரவேலை அண்ணா, கியர்பாக்ஸ் இல்லை, ஆனால் இரண்டு டைனமோவும் ஒரு பம்பரும் இருந்தன, எழுதிக் கொடுத்துவிட்டேன். ஹோஸ் எல்லாம் மாற்றியாயிற்று. பேட்டரி இன்ஜின் அறையிலேயே பின்சுவர்த் தட்டில் இருக்கிறது, இணைப்பைத் துண்டிக்கும் கட் ஆஃப் சுவிட்ச் போட்டால் சிறு தள்ளுபடி தருகிறார்களாம். என் வண்டி இன்னும் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கிறது. சுவிட்சை எந்தப் பக்கம் போடுவது?

தகரவேலை எழுதியது:

எர்த் பக்கம் போடுங்கள் தம்பி, உங்கள் வண்டியில் அது பாசிட்டிவ் கம்பி. வேலை செய்யும்போது ஸ்பேனர் பாடியில் பட்டாலும் தீப்பொறி வராது. போட்ட பிறகு ஒரு போட்டோ எடுத்து அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள், அந்த நான்கு நோட்டுக்கும் வேறு எங்காவது ஒரு நகல் வையுங்கள், இனிமேல் டிக்கியில் வைக்காதீர்கள்.